மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கோடு

சிம்மக்கல்லில் நான் எக்ஸ்ரே எடுக்கும் மையத்துக்கு மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். சீட்டில் ‘இடது கை, மணிக்கட்டு’ என்று இருந்து, அடிபட்ட தடம் ஏதும் இல்லையென்றால் விஷயம் புரிந்துவிடும். பிள்ளைக்கு வயசுக்கேற்ற உயரமில்லை. எலும்பு வயசு பார்க்க டாக்டர் அனுப்பியிருக்கிறார். படம் எடுத்து முடித்ததும் அம்மா கேட்பார்: “ஏண்ணே, வளந்துருவான்ல?”

“டாக்டர் பாத்துச் சொல்லுவார்ம்மா.” அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

படத்தில் எலும்பின் நுனிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரியும். அதுதான் வளர்தகடு. அங்கிருப்பது குருத்தெலும்பு, கதிரை அவ்வளவாகத் தடுக்காததால் கறுப்பாக விழுகிறது. அதன் செல்கள் அடுக்கடுக்காகப் பெருகி எலும்பாக மாறுவதால்தான் கைகால் நீளுகிறது. பருவம் முடிந்ததும் கோடு மறையும். உயரமும் அத்தோடு நிற்கும். கோடு திறந்திருக்கிறதா என்பதை என் படம் காட்டும். திறந்திருந்தும் பிள்ளை ஏன் வளரவில்லை என்பதைக் காட்டாது. அந்த ஏனுக்கான பதிலில் பெரும் பங்கு மரபணு மாற்றிய சுண்டெலிகளிடமிருந்து வந்தது.

1982-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பால்மிட்டர், ரால்ஃப் பிரின்ஸ்டர் குழுவினர், பெரிய எலியின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் சுண்டெலியின் கருமுட்டைக்குள் செலுத்தினார்கள். அந்த மரபணுவோடு பிறந்த 7 குட்டிகளில் 6, கூடப் பிறந்தவற்றைவிடப் பெரிதாக வளர்ந்தன. ஹார்மோன் கூடினால் உடம்பு வளரும் என்பது கண்ணெதிரே நின்றது. ஊசி போட்டால் எந்தப் பிள்ளையும் வளர்ந்துவிடும் என்று இன்றும் பல பெற்றோர் நம்புகிறார்கள்.

ஆனால், 1997-ல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் ஜான் கோப்சிக் குழு உருவாக்கிய எலிகள் வேறு கதை சொல்லின. ஹார்மோன் வந்து பொருந்தும் ஏற்பியின் மரபணுவை அவர்கள் முடக்கினார்கள். ரத்தத்தில் ஹார்மோன் ஏராளம்; எலியோ ஏறக்குறையப் பாதி அளவு. கடிதம் வந்துகொண்டே இருக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. மனிதர்களில் இதே நிலையை 1966-லேயே இஸ்ரேல் மருத்துவர் ஸ்வி லாரோன் விவரித்திருந்தார். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஹார்மோன் ஊசி போட்டுப் பலனில்லை. (இந்தக் குட்டை எலிகள் மற்றவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன என்பது தனியாக எழுத வேண்டிய சங்கதி.)

மூளைக்கு அடியிலிருந்து சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன், ஈரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது. அது வளர்தகட்டை வேலை செய்யவைக்கிறது என்றுதான் பாடம். 1999-ல் சுண்டெலியின் ஈரலில் மட்டும் ஐ.ஜி.எஃப்-1 மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். ரத்தத்தில் அதன் அளவு முக்கால்வாசி சரிந்தது. எலிகளோ இயல்பாகவே வளர்ந்தன! எலும்பும் தன் தேவைக்குத் தானே அதைச் சுரந்துகொள்கிறது. 2002-ல் ரத்த அளவை இன்னும் கீழே இறக்கியபோதுதான் எலும்பு குறுகி, அடர்த்தியும் குறைந்தது.

நம் வீட்டுக்கு மிக அருகில் வரும் ஆய்வு 2014-ல் வந்தது. இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில், நம் நாட்டு விஞ்ஞானி விஜய் யாதவ் தலைமையில் நடந்தது. உணவிலுள்ள வைட்டமின் பி12-ஐ உடம்பு இழுத்துக்கொள்ள இரைப்பையில் ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளுக்கு பி12 கிடைக்கவில்லை. பால்குடி மறந்த பிறகு குட்டிகளின் வளர்ச்சி குன்றியது, எலும்பு மெலிந்தது. எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு கடுமையாக என்பதைத் தாயின் மரபணு தீர்மானித்தது. பி12 குறைந்தால் ஈரலில் டாரின் என்ற பொருள் குறைகிறது. டாரின் குறைந்தால் வளர்ச்சி ஹார்மோனின் சொல்லை ஈரல் சரியாகக் கேட்பதில்லை. டாரின் ஊட்டியதும் குட்டிகள் தேறின.

அதற்காக டாரின் கலந்த பானத்தைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். எலியில் கண்டது எலியில் கண்டதுதான். அதன் வளர்தகடு நம்முடையதைப் போல முழுசாக ஒட்டிக்கொள்வதுகூட இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது தாயைப் பற்றிய பகுதி. பி12 செடிகொடியில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. இந்தியாவில் பி12 குறைபாடு பரவலானது. காபிக்கு ஊற்றுகிற பாலைத் தவிர வேறெதுவும் சேர்க்காத சைவ வீட்டுப் பெண்கள் இந்தத் தெருக்களில் எத்தனையோ பேர். அசைவ வீட்டிலும் அயிரை மீன் குழம்பு வைத்தால், மீனைப் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போட்டுவிட்டு வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கர்ப்பிணிகளுக்கு அரசு இலவசமாகத் தரும் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதைத் தவறாமல் சாப்பிட வேண்டும். பி12 அதில் இல்லை. அதன் அளவு என்னவென்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியும். குறைவாக இருந்தால் மாத்திரையோ ஊசியோ கொடுத்து டாக்டர் சரிசெய்துவிடலாம். முழுகாமல் இருக்கும்போதே கேளுங்கள், தாயி.