கயிலை யாத்திரை: புறப்படுமுன் சிந்திக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தவர் நடைக்கு அஞ்சியவர் அல்லர். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை, வேல் தாங்கிய தலைவரின் பின்னே கூட்டமாகச் செல்லும் பாதயாத்திரை நம் முன்னோர் வகுத்த வழக்கம். வன்னிக் காடும் கிழக்குக் கரையும் யால வனமும் கடந்து வாரக்கணக்காக நடக்கும் அவ்வழியில் எங்கே தங்குவது, எங்கே நீர் அருந்துவது, யார் முன்னே செல்வது என்பன யாவும் அனுபவத்தால் அமைந்தவை. ஆயினும் அந்நெடுவழியின் பெரும்பகுதி கடல்மட்டத்தை அடுத்த சமநிலமேயாம். நம் குடாநாட்டிலோ மலை என்பது பெயரளவில்தான் உண்டு. கீரிமலையிற்கூட ஏறுவதற்கு மலை இல்லை. இறங்குவதற்குக் கேணியே உண்டு.

இத்தகைய சமநிலத்து மக்களாகிய நம்மவரிடையே திருக்கயிலையைத் தரிசிக்க வேண்டும் என்னும் ஆவல் இன்று பெருகி வருகின்றது. உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பெற்றோரைக் கயிலைக்கு அனுப்பிவைத்தல் தம் கடமை எனக் கடல்கடந்து வாழும் மக்கள் கருதுகின்றனர். ஆவல் நன்று; கடமையுணர்வும் நன்று. ஆனால் பணம் கட்டுதல், கம்பளி உடை வாங்குதல் என்னும் இரண்டோடு ஆயத்தம் முடிந்துவிட்டது என்று எண்ணுவதுதான் ஆபத்து. நெடுநடைக்கு வேண்டிய மனவுரம் நம்மிடம் உண்டு. உயரம் என்பது யாது என்னும் அறிவையே நாம் புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

தென்கயிலையும் வடகயிலையும்

திருகோணமலைக் கோணேசுவரத்தைத் தட்சிண கைலாயம் எனப் போற்றுவது நம் மரபு. தேசப்படத்தை விரித்துப் பார்க்கும் மாணவர் ஒரு புதுமையைக் காண்பர். கோணேசர் கோயிலும் திபெத்திலுள்ள கயிலை மலையும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், கிழக்கே 81 பாகையைச் சற்றுக் கடந்த இடத்தில், அமைந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நேர்வடக்காக ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர். தூரத்தை விமானம் சில மணி நேரத்திற் கடந்துவிடும். உயரத்தை மட்டும் அவரவர் உடலே கடத்தல் வேண்டும்.

கயிலையின் சிகரம் 6,600 மீற்றருக்கு மேற்பட்டது. அதன்மேல் எவரும் ஏறுவதில்லை. அதனை வலம் வருவதே யாத்திரை. சைவர் மட்டுமன்றிப் பௌத்தரும் சமணரும் திபெத்தின் பழைய பொன் மதத்தினரும் அம்மலையைத் தொழுகின்றனர். வலம் வரும் பாதை ஏறத்தாழ 52 கிலோமீற்றர் நீளமுடையது. நம்மவர் அதனை மூன்று நாளில் நடப்பது வழக்கம். தூரத்தைக் கேட்பவர், பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வந்து திரும்பும் தூரத்தைவிடக் குறைந்ததுதானே என நினைக்கக்கூடும். ஆனால் இரண்டாம் நாள் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் ஏறத்தாழ 5,630 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். அத்தகைய மலைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் டோல்மா கணவாய்க்கு எட்டாது.

காற்றின் கணக்கு

உயரத்தில் மூச்சு முட்டுவது ஏன்? அங்குள்ள காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைந்துவிடுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். விகிதம் குறைவதில்லை, இங்கும் அங்கும் நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது அழுத்தமே. ஒரு வைக்கோற்போரை நினைத்துப் பாருங்கள். அடியிலுள்ள வைக்கோல் மேலுள்ளதன் பாரத்தால் நெருங்கி இறுகிக் கிடக்கும். உச்சியிலுள்ளதோ தளர்ந்து கிடக்கும். காற்றுக்கடலின் அடியில் வாழும் நமக்கு நெருங்கிய காற்றுக் கிடைக்கின்றது. டோல்மா கணவாயில் அதன் அழுத்தம் ஏறத்தாழ அரைவாசி. அங்கே ஒரு மூச்சு இழுத்தால் இங்கே கிடைக்கும் பிராணவாயுவில் பாதியே நெஞ்சுக்குட் செல்லும்.

மனித உடல் இக்குறையை ஈடுசெய்ய வல்லது. மூச்சு விரைவாகும், நாளடைவில் இரத்தத்தில் செந்நிறக் கணங்கள் பெருகும். ஆனால் இம்மாற்றங்களுக்கு நாட்கள் வேண்டும். அந்த நாட்களைக் கொடாது விரைந்து ஏறுவோரை மலைநோய் பற்றுகின்றது. தலையிடி, குமட்டல், பசியின்மை, சோர்வு, தலைச்சுற்று ஆகியன அதன் முதற்குறிகள். இவை தோன்றியபின்னும் மேலே ஏறினால் மூளை வீங்கலாம். நுரையீரலில் நீர் கோக்கலாம். பேச்சுத் தடுமாறுதல், நேர்கோட்டில் நடக்க இயலாமை, இருந்த இடத்திலேயே மூச்சுத்திணறல், ஓயாத இருமல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அஃது உயிராபத்தின் அறிகுறி. அதற்கு முதன்மையான மருந்து கீழே இறங்குதல் ஒன்றே. பிராணவாயுக் குடுவையும் மாத்திரையும் இறங்குவதற்கு அவகாசம் தேடித் தருவன, இறங்குதலுக்கு ஈடாகா.

இந்நோய் இளைஞர், முதியவர் என்று பாராது. உடற்பயிற்சியால் உறுதி பெற்ற இளைஞர், தம் வலிமையை நம்பி விரைந்தேறி வீழ்வதும் உண்டு. மெல்லச் செல்லும் முதியவர் நலமே திரும்பி வருவதும் உண்டு.

எவ்வழியாகச் செல்வது?

இந்திய அரசு 1981 முதல் நடத்திவரும் கயிலை யாத்திரை லிப்புலேக் கணவாய் வழியாகவும், 2015 முதல் சிக்கிமிலுள்ள நாதுலா வழியாகவும் செல்கின்றது. 2020 முதல் தடைப்பட்டிருந்த அது 2025 இல் மீண்டும் தொடங்கிற்று. அஃது இந்தியக் குடிமக்களுக்கே உரியது. ஆயினும் அதில் நாம் கற்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. லிப்புலேக் வழியாகச் செல்வோரை டில்லியில் வைத்தியர் சோதிப்பர். பின்னர் குஞ்சி என்னும் மலைமுகாமில் மீண்டும் சோதிப்பர். தகுதியில்லை எனக் கண்டால் எத்துணைப் பக்தராயினும் திருப்பி அனுப்பிவிடுவர்.

இலங்கையர் பெரும்பாலும் நேபாளம் வழியாகவே செல்கின்றனர். திபெத்துக்குள் தனியாகச் சுற்ற வெளிநாட்டாருக்கு அனுமதி இல்லை. குழுவாக, அனுமதிப்பத்திரத்துடன், வழிகாட்டியின் துணையோடுதான் செல்லலாம். ஆகவே எந்த வழிகாட்டி நிறுவனத்தைத் தெரிவு செய்கிறோம் என்பதே பாதி யாத்திரையைத் தீர்மானித்துவிடுகின்றது. குஞ்சியிலுள்ள வைத்தியரைப் போல நம்மைத் தடுத்து நிறுத்த இவ்வழியில் ஒருவரும் இல்லாதிருக்கலாம். அந்தப் பொறுப்பைக் குடும்பத்தாரே ஏற்றல் வேண்டும்.

நேபாள வழிகளுள் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சமவெளியிலுள்ள நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 2,900 மீற்றர் உயரத்துச் சிமிகோட்டில் இறங்கலாம். அங்கிருந்து ஹெலிகொப்டர், எல்லையிலுள்ள ஹில்சாவுக்கு, அதாவது 3,600 மீற்றருக்கு மேல், சில நிமிடங்களிற் கொண்டு சேர்க்கும். பின்னர் மோட்டார் வண்டி, ஏறத்தாழ 4,590 மீற்றர் உயரத்திலுள்ள மானசரோவர் கரையில் விட்டுவிடும். கால் நோகாத பயணந்தான். ஆனால் உடலுக்கு வேண்டிய நாட்களை விழுங்கிவிடும் பயணம்.

இதே வழியைக் கால்நடையாகக் கடப்போரும் உளர். கர்ணாலி ஆற்றை ஒட்டி, கெர்மி, யல்பாங், யாரி முதலிய சிற்றூர்களிற் தங்கி, 4,500 மீற்றருக்கு மேற்பட்ட நாரா கணவாயைத் தாண்டி, ஐந்தாறு நாளில் அவர்கள் ஹில்சாவில் இறங்குகின்றனர். பகலில் உயர ஏறி இரவில் தாழ்ந்த இடத்தில் உறங்குதல் என்னும் மலைவாசிகளின் நல்விதி அங்கே தானாகவே நிறைவேறுகின்றது. நடக்க வல்லவர்க்கு நாம் பரிந்துரைப்பது இந்த நடைவழியையே. வாகனத்திற் செல்ல வேண்டியவர்கள் அதற்கீடாக வழியில் ஓய்வுநாட்களைக் கேட்டுப் பெறல் வேண்டும். 3,000 மீற்றருக்கு மேலே, உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேற் கூட்டலாகாது; மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஒருநாள் தங்கி ஆறல் வேண்டும். இது மலைவைத்தியர் வகுத்த பொதுவிதி. நிறுவனத்தார் தரும் நிகழ்ச்சிநிரலை இவ்விதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஓர் எளிய கணக்கு. வீட்டிலுள்ள மாணவரே அதைச் செய்து காட்டலாம்.

வழியின் இடர்கள்

உயரம் ஒன்றே இடர் அன்று. 1998 ஆகஸ்டில் லிப்புலேக் வழியிலுள்ள மால்பாவில் மலை சரிந்து இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் கயிலை யாத்திரிகர் பலரும் நாட்டியக் கலைஞர் புரோதிமா பேடியும் அடங்குவர். 2018 யூலையில் காலநிலை சீர்கெட, ஆயிரத்துக்கு மேற்பட்ட யாத்திரிகர் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் அகப்பட்டுத் தவித்தனர். 2025 யூலையில் ரசுவாகடியில் வெள்ளம் பெருகி நேபாளத்தையும் திபெத்தையும் இணைத்த பாலத்தை அடித்துச் சென்றது. ஆதலின் மழைக்காலத்தின் உச்சத்தைத் தவிர்த்து நாள் குறித்தல் நலம். திரும்பும் விமானத்துக்கும் யாத்திரையின் முடிவுக்கும் இடையே சில நாட்களை வெறுமையாக விட்டுவைத்தலும் அவசியம். அவசரம் உள்ளவர், இறங்க வேண்டிய நேரத்தில் இறங்க மாட்டார்.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை

பணம் கட்டுமுன் சில கேள்விகளை வெட்கமின்றிக் கேட்டல் வேண்டும். ஓய்வுநாட்கள் எத்தனை, எந்தெந்த உயரத்தில்? ஒருவர் நோயுற்றால் அவரோடு கீழே இறங்கப் போகும் உதவியாளர் யார்? பிராணவாயு எவ்வளவு கொண்டுசெல்லப்படும். அதைப் பயன்படுத்த அறிந்தவர் உடன் வருவாரா? திபெத்துப் பகுதியில் நோயாளியை எவ்வாகனத்தில், எவ்வூருக்கு, எத்தனை மணி நேரத்தில் இறக்குவர்? அங்கே ஹெலிகொப்டர் வரும் என்னும் நம்பிக்கையில் எவரும் திட்டமிடலாகாது. சுமை தூக்குவோருக்கும் குளிருடையும் உணவும் காப்புறுதியும் உண்டா என்றும் கேட்க வேண்டும். பிறர் துன்பத்தின்மேற் பெறும் தரிசனம் புண்ணியமாகுமா? இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் நிறுவனத்தை விட்டு விலகுதலே அறிவு.

ஓராண்டு ஆயத்தம்

இங்கிருந்தபடியே உடலை உயரத்துக்குப் பழக்க இயலாது. காலையும் நெஞ்சையும் உறுதிப்படுத்த இயலும். ஆறு மாதத்துக்கு முன்பே நாள்தோறும் நடக்கத் தொடங்குக. முதலில் ஒரு மணி நேரம், பின்னர் இரண்டு, பின்னர் முதுகுப்பைச் சுமையோடு. நல்லூர் வீதியை வலம் வருவதும் வல்லைவெளியில் எதிர்க்காற்றில் நடப்பதும் நல்ல பயிற்சிகள். ஏற்றத்துக்குச் சிவனொளிபாதமலை இருக்கின்றது. 2,243 மீற்றர் உயரமுள்ள அதன் படிகளில் ஏறி இறங்கியபின் முழங்கால் என்ன சொல்கின்றது என்று கேட்டறிக. புதிய சப்பாத்தை அணிந்து கயிலைக்குப் புறப்படலாகாது. பயிற்சிக் காலத்திலேயே அது காலுக்குப் பழகியிருத்தல் வேண்டும்.

இருதயநோய், சலரோகம், இரத்த அழுத்தம், தொய்வு உடையோர் தம் வைத்தியரிடம் தாம் எட்டப்போகும் உயரத்தை மீற்றர்க் கணக்கிலேயே சொல்லி ஆலோசனை பெறல் வேண்டும். மலைநோயைத் தடுக்க உதவும் அசற்றசோலமைட் மாத்திரையையும், குறிப்பாக சல்பா வகை மருந்து ஒவ்வாதவர்கள், வைத்தியர் சொற்படியே கொள்ளுதல் தகும். உயரத்திற் பசி மங்கும்; நாவுக்குப் பழகிய உணவு கைகொடுக்கும். புழுக்கொடியலும் பனங்கட்டியும் எள்ளுருண்டையும் பாரமற்றவை, நெடுநாள் கெடாதவை.

திரும்புதலும் தரிசனமே

ஆயத்தங்கள் அனைத்தினும் அரியது மன ஆயத்தம். இத்தனை பணம் செலவிட்டு, இத்தனை தூரம் வந்து, கணவாயின் அடியிலிருந்து திரும்புவதா என்னும் எண்ணந்தான் பலரை ஆபத்துக்குள் தள்ளுகின்றது. இங்கே நாம் நினைக்க வேண்டியவர் திருநாவுக்கரசு சுவாமிகள். கயிலை காணப் புறப்பட்ட அப்பெருமான், கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்து சென்றதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிக்கின்றார். இறைவன் அவரை மேலே அழைக்கவில்லை. பொய்கையில் மூழ்குமாறு பணித்து, திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சியை அருளினான். அப்பர் பக்தியிற் குறைந்தவர் என்று சைவருள் எவரேனும் சொல்வரோ?

ஆகவே குழுவிலுள்ள ஒவ்வொருவரும் புறப்படுமுன்னரே, “வழிகாட்டி இறங்கு என்றால் இறங்குவேன்” என்று குடும்பத்தார்முன் வாக்குக் கொடுத்தல் வேண்டும். கூடச் செல்லும் உறவினரும் தனித்து விட்டுப் போகாது உடன் இறங்க உடன்பட வேண்டும். பிள்ளைகளும் பெற்றோரை வழியனுப்பும்போது, “கணவாயைக் கடந்துவிட்டு வாருங்கள்” என்பதை விடுத்து, “நலமே வீடு வந்து சேருங்கள்” என்று சொல்லி அனுப்புவார்களாக. மானசரோவரின் கரையில் நின்று தொலைவிலே வெண்மலையைக் கண்டு கைகூப்பித் திரும்பியவரும் கயிலை கண்டவரே.