கம்பியில் பறக்கப் பயமா?

விளையாட்டு பீரியட் வந்தாலே "வயிறு வலிக்குது சார்" என்று சொல்லிவிட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொள்ளும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் நாலு பேராவது இருப்பார்கள். பொருட்காட்சியில் ராட்டினத்தைப் பார்த்ததும் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிபவர்களும் உண்டு. இந்த வாரக் கட்டுரை அவர்களுக்காகத்தான். தைரியசாலிகளும் படிக்கலாம், தடையில்லை!

'ஜிப் லைன்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உயரமான ஓர் இடத்திலிருந்து சற்றே தாழ்வான இன்னோர் இடத்துக்கு எஃகு வடம் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதன்மேல் ஒரு கப்பி. கப்பியிலிருந்து தொங்கியபடி நாம் சர்ரென்று மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். கிணற்றில் கப்பி நிற்கும், கயிறு ஓடும். இங்கே வடம் நிற்கிறது, கப்பி ஓடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். மோட்டார் கிடையாது. இழுப்பது பூமியின் ஈர்ப்பு விசை.

இது ஏதோ பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். பாலம் இல்லாத மலையூர்களில் மனிதர்கள் இப்படித்தான் ஆற்றைக் கடந்தார்கள். நம் இமயமலைப் பகுதிகளில் வடத்தில் பெட்டியைத் தொங்கவிட்டு, கயிற்றால் இழுத்து அக்கரை போவார்கள். சீனாவின் யுனான் மாநிலத்தில் நூ ஆற்றங்கரைப் பிள்ளைகள் புத்தகப் பையோடு வடத்தில் சறுக்கியே பள்ளிக்கூடம் போனார்கள். பின்னாளில் அங்கே பாலங்கள் கட்டப்பட்டன.

இதைச் சுற்றுலாவாக்கி உலகப் புகழ் பெறச் செய்த நாடு கோஸ்டா ரிகா. வரைபடத்தில் வட, தென் அமெரிக்காக்களை இணைக்கும் ஒல்லியான நிலப்பகுதியைப் பாருங்கள். நிகரகுவாவுக்கும் பனாமாவுக்கும் நடுவில் இருக்கிறது. பரப்பளவு சுமார் 51,100 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. நாம் இரவு 8 மணிக்குச் சாப்பிட உட்காரும்போது அங்கே காலை எட்டரை!

அங்கே மோன்டேவெர்டே என்று ஒரு மலையூர். ஸ்பானிய மொழியில் 'பச்சை மலை' என்று பொருள். கோஸ்டா ரிகா 1948-ல் தன் ராணுவத்தையே கலைத்துவிட்டது. போருக்குப் போக மறுத்த குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த சில அமெரிக்கக் குடும்பங்கள், 'ராணுவமே இல்லாத நாடா, அங்கேயே போவோம்' என்று 1951-ல் வந்து குடியேறிய ஊர் இது. மேகம் மரங்களுக்குள்ளேயே புகுந்து நடமாடும் 'மேகக் காடு' இங்கே இருக்கிறது. கிளைகளின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி, அதன் பக்கத்தில் ஆர்க்கிட். ஒரு மரமே ஒரு தோட்டம்! இங்கே மட்டுமே வாழ்ந்த தங்கத் தேரை 1989-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

உயிர்களில் பெரும்பகுதி உச்சிக் கிளைகளில் இருக்க, தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியும்? 1970-களில் டொனால்ட் பெர்ரி என்ற உயிரியலாளர் கோஸ்டா ரிகாவின் காடுகளில் குறுக்குவில்லால் நூலைக் கிளைக்கு மேலே எய்து, நூலைப் பிடித்துக் கயிற்றை ஏற்றி, கயிற்றைப் பிடித்துத் தானும் ஏறினார். மரத்துக்கு மரம் கயிறு கட்டி ஆராய்ந்தார். இந்தக் கயிறு வித்தைதான் 1990-களில் சுற்றுலாவாக மாறியது.

மோன்டேவெர்டே மர உச்சிகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த இன்னொருவர், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க விஞ்ஞானி நளினி நட்கர்னி. சில மரங்கள் தம் கிளைகளிலிருந்தே வேர்விட்டு, கிளைமேல் சேர்ந்த மண்ணில் சத்தை உறிஞ்சுகின்றன என்று 1981-ல் கண்டு சொன்னவர். இந்த அம்மையார் 2015-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஒரு மரத்திலிருந்து சுமார் 50 அடி கீழே விழுந்தார். எலும்புகள் பல முறிந்தன. பிழைத்து, தேறி, மறுபடியும் மரம் ஏறினார். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உயரம் என்றால் பயப்படக் காரணம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். பயப்படுகிறவனைப் பார்த்துச் சிரிப்பவன்தான் விவரம் தெரியாதவன்!

சரி, நீங்கள் அங்கே போய் நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் இடுப்பையும் இரண்டு தொடைகளையும் சுற்றி வார்ப்பட்டை மாட்டுவார்கள். பிறகு தலைக்கவசம். வார்ப்பட்டையைக் கப்பியோடு இணைப்பது 'காரபினர்' என்னும் பூட்டுக் கொக்கி. கை அகலம்கூட இல்லாத இந்தக் கொக்கி சுமார் 2 டன் எடையைத் தாங்கும்படி செய்யப்படுவது. இதோடு தனியாக இன்னொரு இணைப்பும் இருக்க வேண்டும். ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும்.

"எனக்குக் கையில் பலமே இல்லையே?" என்று கேட்கிறீர்களா? பலம் எதற்கு? எடை முழுவதும் வார்ப்பட்டையில்தான். தூளியில் படுத்த குழந்தை என்ன பலம் காட்டுகிறது? உண்மையில் மூச்சு வாங்குவது பறக்கும்போது அல்ல, மேடைக்குப் போகப் படியேறும்போதுதான்!

வடம் லேசாகத் தொய்ந்திருப்பதைப் பார்த்து 'ஐயோ, அறுந்துவிடுமோ' என்று பதற வேண்டாம். துணி காயப்போடும் கொடியை விறைப்பாக இழுத்துக் கட்டி ஈர வேட்டியைப் போட்டுப் பாருங்கள். தொய்வாகக் கட்டிய கொடியைவிட அதுதான் அதிகம் திணறும். தொய்வினால் இன்னொரு லாபமும் உண்டு. கடைசிப் பகுதியில் வடம் சற்று மேலேறுவதால் வேகம் தானாகக் குறையும்.

சில இடங்களில் நிறுத்துவதற்குத் தனிக் கருவி இருக்கும். சில இடங்களில் தடித்த தோல் கையுறை தருவார்கள். வழிகாட்டி சைகை செய்ததும் கப்பிக்குப் பின்னால் வடத்தை அந்தக் கையால் அழுத்த வேண்டும். முன்னால் கை வைக்கவே கூடாது, விரல் கப்பியில் சிக்கும். பயந்தவர்கள் வழக்கமாக என்ன செய்கிறார்கள் தெரியுமா? சைகைக்கு முன்பே அழுத்தி, நட்ட நடுவில் நின்றுவிடுகிறார்கள்! அதனாலும் ஆபத்தில்லை. முதுகைப் போக வேண்டிய பக்கம் திருப்பி, கை மாற்றிக் கை மாற்றி வடத்தைப் பிடித்து இழுத்துப் போகலாம். முடியாவிட்டால் வழிகாட்டி வந்து கூட்டிப்போவார். ஒல்லிப் பிள்ளைகளும் இப்படி நிற்பதுண்டு. காற்றின் தடையை மீறிப் போக எடை உதவுகிறது, அதனால் கனமானவர்களே வேகமாகப் போவார்கள். குண்டாக இருப்பவர்கள் ஜெயிக்கிற விளையாட்டு இது ஒன்றுதான் போலிருக்கிறது!

மேடை விளிம்பில் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அது அட்ரினலின் என்னும் ஹார்மோனின் வேலை. உடம்பு தயாராகிறது என்று அர்த்தம். கீழே பார்க்காமல் எதிர்மரத்தைப் பாருங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். ரொம்ப நேரம் யோசித்தால் பயம் வளரும். கிளம்பிய சில விநாடிகளில் கத்தல் சிரிப்பாக மாறிவிடுவதைப் பலரிடம் பார்க்கலாம். சிறுவர்களை வழிகாட்டியே தன்னோடு சேர்த்துக் கட்டி அழைத்துப்போவதும் உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள்.

கிளம்பும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று: "பாதியில் வேண்டாம் என்று தோன்றினால் இறங்கி நடக்க வழி இருக்கிறதா?" பல வடங்கள் அடுத்தடுத்து இருக்கும். முதலாவது சிறியது. கடைசி வடம் சில இடங்களில் ஒரு கிலோமீட்டரைத் தொடும். முதல் வடம் முடிந்ததும் முடிவு செய்யலாம் என்றால் மனம் பாதி லேசாகிவிடும். இதய நோய், முதுகு வலி, அண்மையில் அறுவை சிகிச்சை என்றால் பேச்சே வேண்டாம். மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நீளமான முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், காலை மூடிய ஷூ போடுங்கள். எந்த ஊரானாலும் சரி, தலைக்கவசம் தராத இடத்திலும், இரண்டாவது இணைப்பு இல்லாத இடத்திலும் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அது பயம் இல்லை, புத்தி.

இவ்வளவு சொல்லியும் "வேண்டாம் சார்" என்றால்? மோன்டேவெர்டேயில் மர உச்சிகளுக்கு நடுவே தொங்கு பாலங்களும் இருக்கின்றன. பட்டாணி வறுவலைக் கொறித்தபடி மெல்ல நடக்கலாம். மரகதப் பச்சை உடலும், சிவப்பு வயிறும், நீண்ட வாலும் கொண்ட குவெட்சால் பறவையைப் பார்க்க வேண்டுமானால் பாலம்தான் நல்லது. வடத்தில் போகிறவர்கள் போடும் கூச்சலில் எந்தப் பறவை உட்கார்ந்திருக்கும்?