தேனீக்கும் குருவிக்கும் தோட்டத்தில் இடம்

பூசணிக் கொடியில் பூ நிறைந்திருந்தும் பிஞ்சு வெம்பி உதிர்கிறதென்று அங்கத்தினர் பலர் குறை கூறக் கேட்கிறோம். உரம் போதவில்லையென எண்ணி மேலும் உரமிடுவோரும் உளர். குறை வேறிடத்தில் இருத்தல் கூடும். பூசணி, பாகல், பீர்க்கு, சுரை ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூசணியின் மகரந்தம் கனமும் பிசுக்கும் உடையதாதலின் காற்று அதைச் சுமந்து செல்வதில்லை. தேனீ வாராத தோட்டத்தில் பிஞ்சு உதிர்வது இயல்பேயாம். தேனீயும் பறவையும் நாடி வரும் வகையில் தோட்டத்தை அமைப்பது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, உணவு. பயிர் பூக்கும் சில வாரங்களில் மட்டும் உணவிருந்தாற் போதாது. ஆண்டு முழுவதும் ஏதேனுமொன்று பூத்திருத்தல் வேண்டும். மார்கழியில் கொத்தமல்லியும், மாசி பங்குனியில் முருங்கையும், பங்குனி சித்திரையில் வேம்பும் புங்கும் பூக்கும். இடைப்பட்ட நாட்களுக்கு வேலியில் நொச்சியும் கிணற்றடியில் துளசியும் உதவும். வரப்பில் முளைக்கும் தும்பையை முற்றிலும் கொத்தி எறிதல் வேண்டா. நிலமில்லாத நெசவாளரும் தறிவீட்டின் கொல்லையில் துளசியும் ஒரு முருங்கையும் வைக்கலாம்; கூரைமேற் படரும் சுரைக்கொடிக்கும் அது நன்மையே.

இரண்டாவது, உறைவிடமும் நீரும். தேனீக்கள் யாவும் கூட்டமாக வாழ்வன அல்ல. மண்ணில் வளை தோண்டி முட்டையிடும் தனித் தேனீக்கள் உண்டு. அவற்றுக்காக ஒரு மூலையையேனும் உழாது விடுதல் நன்று. முருங்கைப் பூவை நாடும் கரிய பெருந் தேனீ, காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு வாழும். பழைய மூங்கிற் கழிகள் சிலவற்றை நிழலில் கட்டி வைக்கலாம். அகன்ற மண்தட்டில் கூழாங்கற்களிட்டு நீர் வைத்தால் தேனீ மூழ்காமற் பருகும். குருவிக்கும் அதுவே போதும். 1991, 1992ஆம் ஆண்டுகளில் தென்னாட்டிற் பரவிய வைரஸ் நோயால் பெட்டிகளில் வளர்த்த இந்தியத் தேனீக்கள் பெருவாரியாக மடிந்தன. பெட்டித் தேனீயை மட்டும் நம்பியிராது பலவகைத் தேனீக்களையும் பேண வேண்டுமென்பதற்கு இதுவே சான்று.

பறவைகளுள் கரிச்சான் உயர்ந்த இடத்தில் அமர்ந்து பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். வயலில் ஆங்காங்கே குறுக்குக் கட்டை பொருத்திய கொம்புகளை நட்டால் அது வந்தமரும். மைனா, உழுத மண்ணில் வெளிப்படும் புழுக்களைப் பொறுக்கித் தின்னும். கிளி சூரியகாந்திக்கும் சோளத்துக்கும் சேதம் விளைவிப்பதை நாம் மறுக்கவில்லை. ஆதலின் மணி பிடிக்கும் காலத்தில் கொம்புகளை அகற்றிவிடுதல் முறை.

மூன்றாவது, மருந்து. மேற்கூறிய ஏற்பாடுகள் அனைத்தும் காலையில் ஒருமுறை பூச்சிமருந்து தெளிப்பதால் வீணாகிவிடும். பூசணி விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். மருந்து தவிர்க்க முடியாததாயின் மாலையிலேயே தெளித்தல் வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்வன. அவை பூத்திருக்கும் நாட்களில் மருந்தை அறவே தவிர்த்தல் நலம்.

இனி, சங்கத்தின் கடமை யாது? தேனீ இரைதேடி ஒரு கிலோமீட்டர் தொலைவும் செல்லும். அது பட்டா எல்லையை அறியாது. ஒருவர் தெளித்த மருந்தால் மற்றொருவர் கடன் பெற்று வாங்கிய பெட்டி வெறுமையாகலாம். ஆகவே, மருந்து தெளிப்பவர் அண்டை நிலத்தாருக்கு முதல் நாளே அறிவித்தல் வேண்டுமெனப் பொதுக்குழுவில் தீர்மானிப்பது நலம். சங்கக் கடையில் மருந்து விற்பனை குறைந்தால் நஷ்டமன்றோ என வினவுவோர் உண்டு. அங்கத்தினரின் விளைச்சல் குன்றினால் கடன் தவணை நிலுவையில் நிற்கும். அதனினும் பெரிய நஷ்டம் சங்கத்துக்கு வேறில்லை. எதிர்வரும் ஆடிப்பட்டத்துக்கு முன்னரே வேலியோரம் நொச்சிக் குச்சிகளை நட்டுத் தொடங்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.