மில் மூடியது... ஊரே காணாமல்போனது! - கலிஃபோர்னியா காட்டுக்குள் புதைந்த 'ஃபால்க்' கதை

ஓர் ஊரே ஒரே ஒரு தொழிலை நம்பி இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் இருந்த 'ஃபால்க்' என்ற சிற்றூர்தான் அதற்கு பதில்!

யுரேகா நகருக்குத் தெற்கே, எல்க் ஆற்றங்கரை முழுக்க ஒருகாலத்தில் ரெட்வுட் மரங்கள். நம்மூர் செம்மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இவை 300 அடிக்கும் மேல் வளரும். 2,000 ஆண்டுகள்கூட வாழும். எளிதில் உளுத்துப்போகாது என்பதால், வீடு கட்ட இந்த மரத்துக்கு ஏக கிராக்கி.

1884-ல் நோவா ஃபால்க் என்பவர் கூட்டாளிகளுடன் சேர்ந்து இங்கே மரம் அறுக்கும் மில் தொடங்கினார். மில்லைச் சுற்றி ஊர் முளைத்தது. அவர் பெயரே ஊருக்கும் வந்தது.

மரம் வெட்டுவது லேசான வேலை இல்லை. அடிமரம் அவ்வளவு பருமன். அதனால் தரையிலிருந்து சில அடி உயரத்தில் மரத்தில் பள்ளம் வெட்டி, பலகையைச் செருகி, அதன்மேல் நின்றபடி இருவர் நீண்ட ரம்பத்தை இழுப்பார்கள். ஒரு மரம் சாய நாள்கணக்கில்கூட ஆகும். அறுத்த பலகைகள் ரயிலில் ஹம்போல்ட் விரிகுடாவுக்குப் போய், கப்பல் ஏறும்.

நல்ல காலத்தில் சுமார் 400 பேர் வாழ்ந்தார்கள். பள்ளி, தபால் நிலையம், மளிகைக்கடை, தொழிலாளர்களுக்கான சமையற்கூடம், நடனக்கூடம் எல்லாமே இருந்தன.

1929-ல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் வீடு கட்டுவது குறைந்தது. மர வியாபாரம் படுத்தது. 1937-ல் மில் மூடப்பட்டது. வேறு பிழைப்பு இல்லாத ஊரில் யார் இருப்பார்கள்? குடும்பங்கள் மூட்டை கட்டின. பல ஆண்டுகள் பாழடைந்து நின்ற கட்டடங்களையும் 1979-ல் இடித்துவிட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. அருகிலிருந்த முதிர்ந்த மரங்களையும் வெட்ட முயன்றபோது, மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 1999-ல் மத்திய, மாகாண அரசுகள் 38 கோடி டாலர் கொடுத்து, சுமார் 7,472 ஏக்கரை வாங்கி 'ஹெட்வாட்டர்ஸ்' காப்புக்காடாக அறிவித்தன. வெட்டிச் சம்பாதித்த இடத்திலேயே, வெட்டாமல் இருப்பதற்காகப் பெரும் விலை கொடுக்க வேண்டியிருந்தது!

இன்று ஃபால்க் வழியே நடைபாதை செல்கிறது. ரயில் இன்ஜின் நிறுத்திய கொட்டகை, இப்போது காட்டைப் பற்றிக் கற்றுத்தரும் மையம். வீடுகள் இருந்த இடத்தில் இளம் ரெட்வுட்கள் வளர்கின்றன. முதிர்ந்த மரங்களாக அவை மாற, இன்னும் பல நூறு ஆண்டுகள் வேண்டும். ஊர் இருந்ததோ வெறும் 53 ஆண்டுகள்!