ரூ.200 மீட்டரை நம்பலாமா?

போன கோடை விடுமுறையில் திண்டுக்கல்லில் ரூ.200 கொடுத்து ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன். டிடி-830டி என்று பல கம்பெனிகள் ஒரே மாதிரி விடும் மஞ்சள் மீட்டர் இருக்குமே, அதுதான். அதை வைத்து அப்பாவிடம் திட்டு வாங்கின கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அவரைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் 12 வோல்ட் ஈய பேட்டரி இருக்கிறது. ஒருநாள் காலையில், "சார்ஜ் இருக்காடா?"ன்னு அப்பா கேட்டார். மீட்டர் 12.8 காட்டியது. "ஃபுல்லா இருக்குப்பா"ன்னு பெருமையாகச் சொன்னேன். பாதி டேங்கிலேயே மெஷின் நின்னு போச்சு. கலந்த மருந்தும் வீண்.

சாயங்காலம் ரிப்பேர் கடைக்குப் போனோம். கடை அண்ணன் மீட்டரில் அந்த பேட்டரி 11.4. என்னுடையதில் 12.6! அவர் சிரிச்சுக்கிட்டே என் மீட்டரைக் கழற்றி, உள்ளே இருந்த 9 வோல்ட் பேட்டரியை மாற்றினார். இப்போ அதுவும் 11.4.

ஏன் இப்படி? மீட்டர் தனக்குள்ளே ஒரு சிறு வோல்டேஜை அளவுகோலாக வைத்துத்தான் வெளியே இருப்பதை அளக்கிறது. உள் பேட்டரி தீர்ந்தால் அந்த அளவுகோலும் சுருங்கும். படி சின்னதாகிவிட்டால் அதே நெல் அதிகப் படி வருமில்லையா? அதே கதைதான். சில மீட்டரில் பேட்டரி படம் வந்து எச்சரிக்கும். என்னுடையதில் வரவே இல்லை.

ஆகவே வாங்கும்போதே சோதிக்கலாம். புது பென்சில் செல் 1.5 முதல் 1.6 வோல்ட் காட்ட வேண்டும். 7805 ஐ.சி. போட்ட சர்க்யூட் கிடைத்தால் 4.8க்கும் 5.2க்கும் நடுவில் வரணும். 1 சதவீத ரெசிஸ்டர் ஒன்று பையில் இருந்தால் ரொம்ப நல்லது. 1000 ஓம் என்றால் 990 முதல் 1010 வரை. மீட்டரின் சொந்தப் பிழைக்காக இன்னும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம். பிறகு 200 ஓமில் வைத்து இரண்டு முனையையும் ஒட்டிப் பிடித்து, வயரை ஆட்டிப் பாருங்கள். எண் தாவித் தாவி ஓடினால் வயர் சரியில்லை. மீட்டர் நல்லதாக இருந்தும் இந்த வயரால் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. 10 ஆம்பியர் ஓட்டைப் பக்கத்தில் 'அன்ஃபியூஸ்டு' என்று பொடி எழுத்தில் இருக்கும். அதாவது அந்த வழியில் ஃபியூஸே கிடையாது. சிவப்பு வயரை அதில் செருகி வைத்துவிட்டு, மறந்துபோய் பிளக் பாயிண்டில் வைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட்! மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். முகப்பில் 750 வோல்ட் என்று போட்டிருந்தாலும், வீட்டு 230 வோல்ட்டை இந்த மீட்டரால் நான் தொடுவதில்லை. செல், பேட்டரி, சின்ன சர்க்யூட் இதற்கு மட்டும் தாராளமாகப் போதும்.

உங்கள் வீட்டில் இதே மஞ்சள் மீட்டர் இருந்தால் வெள்ளிக்கிழமை மதியம் எடுத்து வாருங்கள். என்னிடம் புது 9 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது, மாற்றிப் பார்க்கலாம்.

— 11ஆம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவன்