உணவும் நீரும்: செரிமானத்தின் மூன்று பாதைகள்

பருப்பும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த ஒரு கவளம் சோற்றில், மனித உடலுக்கு மிகுதியாகத் தேவைப்படும் மூன்று சத்துகளும் ஒருசேர அமைந்துள்ளன. சோறு பெரும்பாலும் மாவுச்சத்து எனப்படும் கார்போஹைட்ரேட்டையும், பருப்பு அதனுடன் புரதத்தையும், நெய் கொழுப்பையும் தருகின்றன. ஆனால் இம்மூன்றின் மூலக்கூறுகளும் குடற்சுவரைக் கடக்க முடியாத அளவுக்குப் பெரியவை என்பதால், அவை இருந்த வடிவிலேயே உடலுக்குள் சேர்வதில்லை; அவற்றைச் சிறு கூறுகளாகப் பகுத்து உட்கவரச் செய்யும் பணியே செரிமானம்.

மூன்றின் அமைப்பிலும் ஒரு பொதுமை உண்டு. சிறு கூறுகள் ஒன்றோடொன்று இணையும்போது ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுவதாலேயே இப்பெரிய மூலக்கூறுகள் உருவாகின்றன. ஆகவே அந்த நீரைத் திரும்பச் சேர்த்தால் இணைப்பு அறுந்துவிடும். நீராற்பகுப்பு எனப்படும் இவ்வினை தானாக நிகழ மிக நெடுங்காலம் ஆகும் என்பதால், தான் அழியாமலே வினையை விரைவுபடுத்தும் நொதிகள் என்னும் புரதங்களை உடல் சுரக்கிறது. வினை ஒன்றேயாயினும், மூன்று சத்துகளின் அமைப்பும் அவை நீரோடு பழகும் விதமும் வேறுபடுவதால், அவை செல்லும் பாதைகளும் வேறுபடுகின்றன.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. அரிசியை வேகவைக்கும்போது அதன் மாவுத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி இளகுவதால், நொதிகள் அவற்றை எளிதில் அணுகுகின்றன. உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி வாயிலேயே பணியைத் தொடங்குகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் நாவில் தோன்றும் இலேசான இனிப்பு அதன் விளைவே. இரைப்பையின் அமிலம் இந்நொதியைச் செயலிழக்கச் செய்தாலும், கணையம் சுரக்கும் அமைலேஸ் சிறுகுடலில் அப்பணியைத் தொடர்கிறது. இறுதிப் பகுப்பு குடற்சுவரிலேயே நடைபெறுகிறது. அங்குள்ள செல்களின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் நொதிகள், மாவுச்சத்தின் எஞ்சிய துண்டுகளைக் குளுக்கோஸாகவும், சாதாரணச் சர்க்கரையைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டாகவும், பாலிலுள்ள லாக்டோஸைக் குளுக்கோஸ், காலக்டோஸ் என்ற இரண்டாகவும் பிரிக்கின்றன.

லாக்டோஸைப் பிரிக்கும் லாக்டேஸ் நொதி குழந்தைப் பருவத்துக்குப் பின் பலருக்குக் குறைந்துவிடுகிறது. அப்போது பகுபடாத பாற்சர்க்கரை குடலில் நீரைத் தேக்கிவைப்பதோடு, பெருங்குடல் பாக்டீரியாக்களால் நொதிக்கப்பட்டு வயிற்று உப்புசத்தையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்குகிறது. தயிரில் பாக்டீரியாக்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை முன்னரே செலவிட்டுவிடுவதால், இத்தகையோரில் பலர் தயிரை எளிதில் ஏற்கின்றனர். நார்ச்சத்தான செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆனதே எனினும், அதன் இணைப்புகள் வேறு விதமாக அமைந்திருப்பதால் அவற்றை அறுக்கும் நொதி மனித உடலில் இல்லை. பகுபடாமல் பெருங்குடலை அடையும் நார்ச்சத்துகளில் சிலவற்றைப் பாக்டீரியாக்கள் சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரிக் அமிலம் பெருங்குடற் செல்களுக்கே முதன்மையான எரிபொருளாகிறது.

புரதத்தைப் பகுப்பதில் உடலுக்கு ஓர் ஆபத்து உண்டு. தசையும் உறுப்புகளும் புரதத்தாலானவை ஆதலால், புரதத்தை அறுக்கும் நொதி தன்னைச் சுரந்த உறுப்பையே அழித்துவிடக் கூடும். எனவே அந்நொதிகள் செயலற்ற வடிவில் சுரக்கப்பட்டு, உரிய இடத்தை அடைந்த பின்னரே செயல்படத் தொடங்குகின்றன. இரைப்பை சுரக்கும் பெப்சினோஜென், அங்குள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பெப்சினாக மாறுகிறது. அதே அமிலம் மடிந்து சுருண்டிருக்கும் புரதச் சங்கிலிகளைப் பிரித்து விரிப்பதால், பெப்சின் அவற்றைத் துண்டாக்க முடிகிறது. 1822-இல் அமெரிக்காவின் மக்கினாக் தீவில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து வயிற்றில் மூடாத துளையோடு பிழைத்த அலெக்ஸி செயின்ட் மார்ட்டின் என்பவரை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் போமன்ட், இரைப்பை நீர் உடலுக்கு வெளியே குப்பியிலும் இறைச்சியைக் கரைப்பதைக் கண்டு, செரிமானம் வேதிவினையே என்பதை 1833-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். அந்நீரிலுள்ள பெப்சினை 1836-இல் தியோடர் ஷ்வான் கண்டறிந்தார்.

எனினும் புரதச் செரிமானத்தின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே நிகழ்கிறது. கணையம் அனுப்பும் டிரிப்சினோஜெனைக் குடற்சுவரின் நொதி ஒன்று டிரிப்சினாக மாற்ற, அந்த டிரிப்சின் கணையத்தின் பிற புரத நொதிகளையும் தூண்டுகிறது. இம்மாற்றம் கணையத்துக்குள்ளேயே நிகழ்ந்துவிட்டால் உறுப்பே சிதைந்து, கடும் கணைய அழற்சி உண்டாகும். பருப்பு வகைகளில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள்கள் இயல்பாகவே உள்ளன. வேகவைக்கும்போது அவற்றின் பெரும்பகுதி அழிவதால், வெந்த பருப்பின் புரதம் உடலுக்கு நன்கு கிடைக்கிறது. இறுதியில் புரதம் அமினோ அமிலங்களாகவும், இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு துண்டுகளாகவும் குடற்செல்களுக்குள் நுழைகிறது. சர்க்கரைகளைப் போலவே அமினோ அமிலங்களும் இரத்தத்தில் கலந்து முதலில் கல்லீரலை அடைகின்றன.

கொழுப்பின் நிலை முற்றிலும் வேறு. நொதிகள் நீரில் கரைந்திருப்பவை, கொழுப்போ நீரில் கலக்காதது. ஆகவே கொழுப்புத் துளியின் மேற்பரப்பில் மட்டுமே நொதியால் செயல்பட முடியும். இத்தடையை நீக்குவது கல்லீரல் சுரக்கும் பித்தநீர். ஒருபுறம் நீரையும் மறுபுறம் கொழுப்பையும் பற்றும் பித்த உப்புகள், பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு கலைப்பதுபோல, கொழுப்பை மிகச் சிறு துளிகளாகக் கலைத்து அதன் மேற்பரப்பைப் பலமடங்கு பெருக்குகின்றன. பின்னர்க் கணையத்தின் லிப்பேஸ் நொதி, ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறிலுமுள்ள மூன்று கொழுப்பு அமிலங்களில் இரண்டை அறுத்தெடுக்கிறது. குடற்செல்லுக்குள் நுழைந்ததும் இக்கூறுகளில் நீளமானவை மீண்டும் கொழுப்பாகவே இணைந்து, புரத உறை போர்த்த கைலோமைக்ரான் என்னும் துகள்களாகின்றன. இரத்த நுண்குழாய்களுக்குள் புக இயலாத அளவுக்கு இவை பெரியவை என்பதால், நிணநீர்க் குழாய்கள் வழியே மார்புக்கு ஏறி, இடக் கழுத்தின் அடியிலுள்ள பெரிய சிரையில் சேர்கின்றன. 1622-இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, சற்றுமுன் உணவுண்ட ஒரு நாயின் வயிற்றில் பால்நிறக் குழாய்களைக் கண்டார். அவற்றுக்கு அந்நிறத்தைத் தந்தது இக்கொழுப்பே. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கொழுப்பில் கரைபவை ஆதலால், அவற்றை உட்கவரவும் இதே ஏற்பாடு தேவைப்படுகிறது.

இவை அனைத்தும் நிகழ்வதற்கு ஏராளமான நீர் வேண்டும். குடிநீரும் உணவும் தரும் ஏறத்தாழ இரண்டு லிட்டரோடு, உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல்நீர் ஆகியவற்றின் ஏழு லிட்டரும் நாள்தோறும் குடலில் சேர்கின்றன. அதில் ஏறக்குறைய முழுவதையும் உடல் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. குடற்செல் குளுக்கோஸைச் சோடியத்தோடு இணைத்தே உள்ளிழுக்கிறது என்ற கருத்தை 1960-இல் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். இவ்விரண்டும் உள்ளே செல்லும்போது நீரும் அவற்றைப் பின்தொடர்கிறது. காலரா குடலிலிருந்து நீரைக் கொட்டச் செய்தாலும் இவ்வழியைச் சிதைப்பதில்லை.

1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் காலரா பரவி, சிரைவழி ஏற்றும் திரவம் போதாமற்போனபோது, மருத்துவர் திலீப் மகலநபிஸ் குளுக்கோஸும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இந்த அறிவின் பயனே. அதைக் குறிப்பிட்ட அளவு நீரிலேயே கரைக்க வேண்டும் என மருத்துவர் வலியுறுத்துவதற்கும் காரணம் இதுவே: நீர் குறைந்து கரைசல் அடர்ந்துவிட்டால், அது உடலுக்குள் செல்வதற்கு மாறாக, உடலிலிருந்தே நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும்.