தலைக்கு மேலே கூட்ஸ் வண்டி

ஜி.டி. எக்ஸ்பிரஸோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ, நம் ஊரிலிருந்து தில்லிக்கு வரும்போது யமுனையைக் கடப்பதில்லை. ஆற்றின் மேற்குக் கரைப் பக்கமாகவே வந்து நம்மை இறக்கிவிட்டுவிடும். அதனால்தான் தில்லித் தமிழர்களில் பலருக்கு 'லோஹே கா புல்' என்கிற பழைய இரும்புப் பாலம் அவ்வளவாகப் பரிச்சயமில்லை. வாடகை குறைவு என்று அக்கரையில் வீடு பிடித்த எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அது தினசரி உறவு.

1976-ல் காந்தி நகரில் ஓர் அறையும் சமையற்கட்டுமாகக் குடியேறினேன். மாலையில் பழைய தில்லிப் பக்கமிருந்து நடந்தே வீடு திரும்புவேன். அந்தப் பாலத்தில் ரயில் மேல் தளத்தில் ஓடும். சாலை கீழ்த் தளத்தில். சைக்கிள், டாங்கா, ரிக்‌ஷா, கைவண்டி எல்லாம் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு போகும். தலைக்கு மேலே கூட்ஸ் வண்டி வந்தால் பாலமே அதிரும். கரி வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், வெள்ளைச் சட்டையை அன்றைக்கே சோப்புப் போட்டாக வேண்டும்.

ஈஸ்ட் இந்தியன் ரயில்வே இதைக் கட்டி முடித்தது 1866-ல். சுமார் 202 அடி அகலத்தில் பன்னிரண்டு கண்கள். முதலில் ஒரே ஒரு பாதைதான். 1913-ல் இரண்டாவது பாதை சேர்ந்தது. அதற்கு முன் இங்கே ஆற்றைக் கடக்க, படகுகளை வரிசையாகப் பிணைத்த பாலம் இருந்தது. 1857 மே 11 அன்று மீரட் சிப்பாய்கள் தில்லிக்குள் வந்தது அதன் வழியாகத்தான்.

ஊரில் லெவல் கிராஸிங்கில் நின்று கூட்ஸ் பெட்டிகளை எண்ணாத பிள்ளை உண்டா? என் மகளுக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் பாலத்துக்கு அடியில் பெட்டி எங்கே தெரிகிறது! காதால் எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். பழைய நாலு சக்கரப் பெட்டி, தண்டவாள இணைப்பைத் தாண்டும்போது இரண்டு தட்டுத் தட்டும். எட்டுச் சக்கர 'பாக்ஸ்' வேகன் 'தடதட, தடதட' என்று நாலு தட்டும். முன்னால் இழுப்பது பெரும்பாலும் டபிள்யூ.ஜி. ரக நீராவி எஞ்சின். 1950-லிருந்து 1970 வரை அந்த ரகத்தில் 2,450 எஞ்சின்கள் செய்தார்கள். கடைசியாகச் சித்தரஞ்சனில் செய்ததற்கு 'அந்திம் சிதாரா', அதாவது கடைசி நட்சத்திரம், என்று பெயரிட்டார்கள்.

ஒரு நாள் அண்ணாந்து எண்ணிக்கொண்டே வந்தவள் என் கையை விட்டுவிட்டாள். மேலே வண்டி இரைச்சல். எதிரே ஒரு டாங்காக் குதிரை மிரண்டு விலகியது. நான் திரும்புவதற்குள், கோதுமை மூட்டைகளோடு கைவண்டி இழுத்து வந்த ஒரு பெரியவர் வண்டியைப் போட்டுவிட்டுக் குழந்தையை வாரி எடுத்தார். "பேட்டி, மேலே பார்க்காதே, முன்னால் பார்" என்று இந்தியில் சொல்லி என்னிடம் கொடுத்தார். எனக்கு நாக்கு எழவில்லை. அப்போது தெரிந்த அரைகுறை இந்தியில் நன்றி சொல்லக்கூட வரவில்லை. அதற்குள் பின்னால் நின்றவர்கள் சத்தம் போட, அவர் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு ஒன்று தோன்றியது. அந்தக் கோதுமையும் ஏதோ ஒரு கூட்ஸ் வண்டியில் வந்ததாகத்தான் இருக்கும். ரயில் கொண்டுவந்து கொட்டுகிறது. அதை அக்கரைக் கடைகளுக்குச் சேர்ப்பது அந்தப் பெரியவரின் இரண்டு கைகள். மேல் தளம் இல்லாமல் கீழ்த் தளத்துக்குப் பிழைப்பில்லை. கீழ்த் தளம் இல்லாமல் மேல் தளத்துக்குப் பயனில்லை. நம் சென்னையிலும் 1837-ல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஓடிய சரக்கு ரயில் சுமந்தது, சாலை போடுவதற்கான கல்லைத்தானே!

யமுனையில் வெள்ளம் என்றால் பத்திரிகைகள் சொல்லும் அளவு இந்தப் பாலத்தில் எடுப்பதுதான். அபாயக் குறி 205.33 மீட்டர். 1978-ல் 207.49 வரை ஏறியது. 2023 ஜூலை 13-ல் அதையும் மிஞ்சி 208.66 ஆனது. அந்த வெள்ளத்தின்போது பாலத்தில் ரயிலையும் நிறுத்தினார்கள், சாலையையும் மூடினார்கள். மேலே போகிறவனுக்கும் கீழே போகிறவனுக்கும் ஒரே தடைதான்.

பக்கத்திலேயே புதிய ரயில் பாலம் எழுந்திருக்கிறது. நூற்றைம்பது வயது தாண்டிய கிழவனுக்கு ஓய்வு கொடுப்பது நியாயம்தான். ஆனால் அறுத்து, எடைக்குப் போட்டுவிடக் கூடாது. கீழ்த் தளத்தையாவது நடக்கிறவர்களுக்கு விட்டுவைக்க வேண்டும். சாணக்யபுரி ரயில் மியூசியத்தில் பழைய எஞ்சின்களைப் பேரக் குழந்தைகளுக்குக் காட்டிவிடலாம். கைவண்டி இழுத்தவர்களுக்கு மியூசியம் எங்கே இருக்கிறது?

என் மகளுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. போனில் பேசும்போது இன்னும் கேட்கிறாள்: "அப்பா, அன்றைக்கு எத்தனை பெட்டி?"

முப்பத்திரண்டு வரை எண்ணியிருந்தாள். மீதியை இருவருமே எண்ணவில்லை.